‘நான் சொன்னதுதான் சரி’ என்பதற்கு அடியில் கிடக்கும் பயம்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்துக் கோயில் கூட்டங்களில் தீபாவளி எந்த நாள் என்று எழும் சண்டையிலிருந்து ஆரம்பிக்கலாம். வட இந்திய வழி வந்தவர்களுக்கு அமாவாசை மாலை லட்சுமி பூஜை. தமிழர்களுக்கு நரக சதுர்த்தசி விடியற்காலை எண்ணெய்க் குளியல். சில வருடம் இரண்டும் ஒரே நாளில் வரும், சில வருடம் அடுத்தடுத்த நாள். தீபாவளி இந்த நாட்டில் அரசு விடுமுறை இல்லை. வேலைக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே லீவு எழுதிக் கொடுக்க வேண்டும். அதனால் தேதி எல்லோருக்கும் அவசரம்.

தமிழர்களுக்குள்ளேயே இன்னொரு சிக்கலும் உண்டு. பெரியவர் ஒருவர் சென்னையில் அச்சான பஞ்சாங்கத்தைப் பிடித்திருப்பார். இளையவர் ஒருவர் டர்பனுக்கென்று கணித்ததைப் போனில் வைத்திருப்பார். சூரியனும் சந்திரனும் ஒவ்வொரு 12 பாகை விலகுவதும் ஒரு திதி. அது உலகம் முழுவதும் ஒரே கணத்தில் தொடங்கும். சூரிய உதயம்தான் ஊருக்கு ஊர் மாறும். சென்னையில் காலை 8 மணிக்குச் சதுர்த்தசி தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஏற்கெனவே விடிந்துவிட்டது, எனவே மறுநாள் விடியல்தான் கணக்கு. அதே கணம் டர்பனில் 4.30 மணி. அக்டோபர் கடைசியில் இங்கே சூரியன் எழ 5 மணி ஆகும். ஆகவே இங்கே அன்றைய விடியலிலேயே சதுர்த்தசி இருக்கும். பெரியவர் சொல்வதும் சரி, இளையவர் சொல்வதும் சரி. ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினால் பத்து நிமிடத்தில் முடிகிற விஷயம்.

ஆனால் பத்து நிமிடத்தில் அந்தக் கூட்டத்தில் திதியைப் பற்றி யாரும் பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள். ‘நேத்துப் பொறந்தவன் எனக்குச் சொல்லித் தர்றியா’ என்பது வந்திருக்கும். ‘உங்க காலம் முடிஞ்சு போச்சு’ என்பதும் வந்திருக்கும். இந்த இரண்டு வாக்கியத்தையும் எழுதி வைத்துப் பாருங்கள். முதலாவதில், நாற்பது வருடம் இந்தக் கோயிலுக்கு உழைத்தவனுக்கு இனி இங்கே வேலையில்லையோ என்ற பயம். இரண்டாவதில், எவ்வளவு படித்தாலும் இவர்கள் கண்ணுக்கு நான் கடைசிவரை பையன்தானோ என்ற பயம். பஞ்சாங்கம் வெறும் சாக்கு.

வீட்டிலும் வேலையிலும் இதே அமைப்புதான். முதலில் ஏதோ ஒன்றை இழந்துவிடுவோம் என்ற பயம் தட்டும். பயந்தவனாகத் தெரிவது அவமானம் என்று ‘நான்’ உடனே குறுக்கே வந்து, பயத்தைக் கோபமாக மாற்றிக் கொடுக்கும். கோபத்தில் நாம் பெரியவர்களாகத் தெரிகிறோம், பயத்தில் சிறியவர்களாகத் தெரிகிறோம். அதனால்தான் இந்த மாற்றம் நமக்கே தெரியாமல் அரை நொடியில் நடக்கிறது. அதன் பிறகு ‘நான் சொன்னது சரி’ என்று நிரூபிப்பது உயிர்ப் பிரச்சினையாகிவிடும். நாம் காப்பாற்றுவது நம் கருத்தை என்று நினைத்துக்கொள்வோம், காப்பாற்றுவது நம் இடத்தை.

இங்கே பெரியவர்களின் பிடிவாதத்தைப் பற்றிப் பேசும்போது ஒன்றை மறக்கக் கூடாது. 1860 நவம்பரில் ஒப்பந்தக் கூலிகளோடு மதராஸிலிருந்து முதல் கப்பல் டர்பனுக்கு வந்ததிலிருந்து எதையாவது இழந்துகொண்டே வந்த சமூகம் இது. எந்த இனம் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்து 1950 இல் வந்த குழுப் பகுதிச் சட்டத்தால் கேட்டோ மேனரிலும் மற்ற இடங்களிலும் வீட்டையும் தோட்டத்தையும் விட்டுவிட்டுச் சாட்ஸ்வொர்த்துக்குப் போனவர்களின் பிள்ளைகள்தான் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். ஊர் போனது, பேச்சு மொழியும் பாதிக்கு மேல் போனது. மிச்சம் இருப்பது இந்த விரதம், இந்த நாள், இந்தக் காவடி முறை. அதில் கை வைத்தால் அவர் குரல் உயர்வதற்குக் காரணம் அந்த ஒரு நாள் மட்டும் இல்லை. இதைத் தெரிந்து வைத்திருப்பது அவர் சொல்வதெல்லாம் சரி என்று ஒப்புக்கொள்வதாகாது. எந்த இடத்தில் வலிக்கிறது என்று தெரிந்து பேசுவது, அவ்வளவுதான்.

இனி செய்முறை. மனதைப் பற்றிப் பேசுவதற்கு முன் உடம்பைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் கோபம் முதலில் உடம்பில் வருகிறது. அட்ரினலின் சுரந்து இதயம் வேகமாக அடிக்கும். தாடை இறுகும், காது மடல் சுடும், குரல் மேலே போகும். அந்த நிலையில் எதிராளி பேசுவதை மூளை சரியாக வாங்கிக்கொள்ளாது. மணிக்கட்டில் விரல் வைத்து 15 நொடி எண்ணுங்கள். 25ஐத் தாண்டினால் நாடி நிமிடத்துக்கு 100ஐத் தாண்டிவிட்டது. தம்பதிகளின் சண்டைகளை ஆய்வுக்கூடத்தில் பல வருடம் கவனித்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன் இந்த 100ஐத்தான் எல்லையாகச் சொல்கிறார். அதற்கு மேல் பேச்சைத் தொடர்வதில் பயனில்லை, குறைந்தது 20 நிமிடம் இடைவெளி வேண்டும். ரத்தக் கொதிப்புக்கு அடெனலால் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு நாடி அவ்வளவாக ஏறாது. அவர்கள் நாடியை நம்பாமல் தாடையையும் குரலையும் பார்க்க வேண்டும்.

இடைவெளி எடுப்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்க் கதவைச் சாத்துவது இடைவெளி ஆகாது. உள்ளே இருப்பவருக்கு ‘என்னை விட்டுட்டுப் போயிட்டார்’ என்ற பயம் எழும், சண்டை இரட்டிப்பாகும். போகும்போது திரும்பி வரும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். ‘எனக்குச் சூடு ஏறிடுச்சு. ஏழரைக்குத் திரும்பி வந்து பேசறேன்.’ அவ்வளவு போதும். ‘உனக்குக் கோபம் தலைக்கேறிடுச்சு, அடங்கினதும் பேசலாம்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அது புதுச் சண்டை. சொன்ன நேரத்துக்குத் திரும்பி வர வேண்டும். இரண்டு முறை வராமல் போனால் மூன்றாம் முறை அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை.

அந்த 20 நிமிடத்தில் என்ன செய்கிறோம் என்பதும் முக்கியம். ‘அவன் அப்படிச் சொன்னா நான் இப்படித் திருப்பிக் கொடுப்பேன்’ என்று ஒத்திகை பார்த்தால் நாடி இறங்கவே இறங்காது. தலையணையைக் குத்தினால் கோபம் வெளியே போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். 2002 இல் பிராட் புஷ்மன் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்தார். கோபமூட்டியவனை நினைத்துக்கொண்டே குத்துப் பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடியது. சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களைவிட நல்ல நிலையில் இருந்தார்கள். ஆகவே 4 நொடி மூச்சை இழுத்து 6 நொடி விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு, ஐந்து நிமிடத்துக்கு முப்பது. விடுகிற மூச்சு நீளமாக இருப்பதுதான் இதில் வேலை செய்யும் பகுதி. இழுக்கிற மூச்சை மட்டும் பெரிதாக இழுத்தால் தலை சுற்றும். மிச்ச நேரம் பாத்திரம் கழுவலாம், செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம், தெருவைச் சுற்றி வரலாம்.

இடையில் ஒரு செய்தி. நம்மவர்களிடையே சர்க்கரை நோய் அதிகம். இன்சுலினோ அதற்கான மாத்திரையோ எடுப்பவர் ஒருவர் சாப்பாட்டுக்கு முன் திடீரென்று எரிந்து விழுந்தால், வியர்வையும் கை நடுக்கமும் இருந்தால், வாதாடுவதற்கு முன் சர்க்கரையைப் பாருங்கள். மீட்டரில் 4 mmol/Lக்குக் கீழே இருந்தால் தண்ணீரில் மூன்று தேக்கரண்டி சர்க்கரை, சுமார் 15 கிராம், கலக்கிக் கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். பல வீடுகளில் ‘அப்பாவோட குணம்’ என்று பெயர் வாங்கியதில் ஒரு பங்கு இதுதான்.

உடம்பு இறங்கிய பிறகு பயத்தைத் தேட வேண்டும். மனதுக்குள் தேடினால் அகப்படாது, மனம் வக்கீல் மாதிரி நமக்குச் சாதகமாகவே பேசும். ஒரு தாளில் மூன்று கேள்விக்குப் பதில் எழுதுங்கள். அவர் சொல்வதே சரியாக இருந்துவிட்டால் எனக்கு என்ன போகும்? யார் கண் முன்னால் போகும்? இதே மாதிரி எனக்கு முன்பு எப்போது போனது? முதல் கேள்விக்குப் பலர் ‘ஒன்றும் போகாது’ என்று எழுதுவார்கள். இரண்டாவதை எழுதும்போது கை தயங்கும். ‘மாப்பிள்ளை முன்னாடி’, ‘தம்பி பிள்ளைகள் முன்னாடி’ என்று ஒரு முகம் வந்து நிற்கும். அங்கேதான் விஷயம் இருக்கிறது. கிடைத்த பயத்துக்கு ஒரு பெயர் வையுங்கள். உணர்ச்சிக்குச் சொல் கொடுக்கும்போது மூளையில் அபாயமணி அடிக்கும் பகுதியான அமிக்டலாவின் துடிப்பு குறைகிறது என்று கலிபோர்னியாவில் நடந்த ஆய்வு 2007 இல் காட்டியது. ‘டென்ஷன்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். ‘மதிக்க மாட்டார்கள்’, ‘பணம் போதாது’, ‘தனியாக விடப்படுவேன்’ என்று எழுதுங்கள்.

இரவு பதினோரு மணி, பல்கலைக்கழகத்திலிருந்து மகள் இன்னும் வரவில்லை, போன் எடுக்கவில்லை. அந்த ஒன்றரை மணி நேரம் அப்பாவுக்கு எப்படிப் போயிருக்கும் என்று இந்த நாட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கேட் திறக்கும் சத்தம் கேட்டதும் அவர் வாயிலிருந்து வருவது: ‘இதென்ன நேரம்? இது வீடா சத்திரமா?’ மகள் காதில் விழுவது: அப்பாவுக்கு என் மேல் நம்பிக்கை இல்லை. அவளும் தன்னைக் காத்துக்கொள்ள ‘எனக்கு இருபத்தொரு வயசாச்சு’ என்பாள். இரண்டு பேரும் சரி, இரண்டு பேரும் தூங்க மாட்டார்கள். இதில் மாற்ற வேண்டியது முதல் வாக்கியத்தை மட்டும்தான். ‘பயந்துட்டேம்மா. ஏதோ ஆயிடுச்சுன்னு நினைச்சேன்.’ இரண்டாவதாக ஒரு வேண்டுகோள்: ‘அடுத்த தடவை பத்து மணிக்கு ஒரு மெசேஜ் போடு.’ மூன்றாவது வாக்கியம் வேண்டாம். மூன்றாவதில்தான் போன மாதத்துக் கதையும் பெரியப்பா மகளோடு ஒப்பிடுவதும் நுழையும்.

பேரப்பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்லும்போது ஆயாவுக்கு வரும் கோபமும் இதே வகை. என்னோடு இந்தப் பேச்சு முடிந்துவிடும் என்ற பயம் அது. நியாயமான பயம்தான். ஆனால் ‘தமிழன் பிள்ளைக்குத் தமிழ் தெரியலையா, வெட்கமா இல்ல?’ என்று கேட்டால் பிள்ளை தமிழையே வெட்கத்தோடு சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொள்ளும். பிள்ளை ‘நான் தண்ணி வேணும்’ என்றால் திருத்தாதீர்கள், ‘உனக்குத் தண்ணி வேணுமா? இந்தா’ என்று சரியான வடிவத்தைப் பதிலில் வைத்துக் கொடுங்கள். திருத்தமும் நடந்துவிட்டது, யாரும் தோற்கவில்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்குள்ளவர்களின் உச்சரிப்பைப் பார்த்துச் சிரிப்பவர்களும் இதைக் கற்றுக்கொண்டால் நல்லது. அந்தச் சிரிப்பு எத்தனை பேரைத் தமிழ் பேசுவதிலிருந்தே விலக்கியது என்பதை அவர்கள் அறிவதில்லை.

நம் மொழியிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. ரோஷம் என்ற சொல்லை நாம் பாராட்டாகச் சொல்கிறோம், ரோஷம் கெட்டவன் என்றால் வசவு. வீம்பு என்றால் யாருக்கும் பிடிக்காது. ஆனால் பல நேரம் ஒரே செயலைத் தன்னிடம் பார்க்கும்போது ரோஷம் என்றும் மச்சானிடம் பார்க்கும்போது வீம்பு என்றும் சொல்லிவிடுகிறோம். பிரிக்க ஒரு வழி உண்டு. யாரும் பார்க்காத இடத்தில், யாருக்கும் தெரியாமல் முடியும் என்றாலும் இதே நிலையில் நிற்பேனா? நிற்பேன் என்றால் அதில் ரோஷம் இருக்கிறது. சாட்சிக்கு ஆள் இருந்தால்தான் நிற்பேன் என்றால் வீம்பு.

சரியான கொள்கை கையில் இருந்தால் கோபமும் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு டர்பனிலேயே நடந்த ஒன்று இருக்கிறது. 1898 இல் காந்தியின் வீட்டில் அவருடைய அலுவலக எழுத்தர்கள் தங்கியிருந்தார்கள். அறைகளில் கழிவுநீர் போக வழி இல்லாததால் மூத்திரச் சட்டிகளைக் கணவனும் மனைவியுமே சுத்தம் செய்தார்கள். தாழ்த்தப்பட்ட பெற்றோருக்குப் பிறந்து கிறிஸ்தவரான ஒரு எழுத்தரின் சட்டியைக் கண்ணீரோடு எடுத்து வந்தார் கஸ்தூரிபா. எடுத்து வந்தது காந்திக்குப் போதவில்லை, மலர்ந்த முகத்தோடு செய்ய வேண்டும் என்றார். என் வீட்டில் இந்த அபத்தத்தைச் சகிக்க மாட்டேன் என்று கத்தினார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தெருக் கேட்டைத் திறந்து வெளியே தள்ளப் போனார். இங்கே எனக்குத் தாய் தகப்பன் இல்லை, எங்கே போவேன், வெட்கமில்லையா என்று கஸ்தூரிபா கேட்ட பிறகுதான் கேட்டைச் சாத்தினார். பிற்காலத்தில் இதை வெட்கத்தோடு எழுதி வைத்தவர் அவரேதான். தன்னை மனைவிக்கு ஆசிரியர் என்று எண்ணியிருந்ததாகவும் எழுதினார். தீண்டாமை கூடாது என்ற கொள்கை நூற்றுக்கு நூறு சரி. அந்தக் கை இழுத்தது கொள்கைக்காகவா, தன் மாணவி தன் சொல்லை மீறிவிட்டாளே என்பதற்காகவா என்று யோசித்தால் பதில் கிடைக்கும்.

மொரீஷியஸில் பிறந்து, தென்னாப்பிரிக்காவின் வடபகுதியான டிரான்ஸ்வாலில் சத்தியாக்கிரகத்தின் முன்வரிசையில் நின்று பல முறை சிறை சென்ற தமிழர் தம்பி நாயுடுவைப் பற்றியும் காந்தி எழுதியிருக்கிறார். அந்தத் துணிச்சலையும் உழைப்பையும் மனம் திறந்து புகழ்ந்துவிட்டு, அவசரமும் முன்கோபமும் மட்டும் இல்லாதிருந்தால் இவர் டிரான்ஸ்வால் இந்தியர்களின் தலைவராகவே ஆகியிருக்கலாம் என்றார். எழுதியவருக்கும் அந்த நோயின் ருசி தெரியும் என்பதால் அந்த வரிக்கு எடை அதிகம்.

கூட்டங்களுக்குத் திரும்புவோம். பார்வையாளர் இருந்தால் கோபம் இரட்டிப்பாகும், ஏனென்றால் இறங்கி வருவதை நாலு பேர் பார்ப்பார்கள். சூடு ஏறிய விஷயத்தை அதே இரவில் வாக்குக்கு விடாதீர்கள். அடுத்த கூட்டத்துக்கு ஒத்தி வைத்து, நடுவே இரண்டு தரப்பையும் ஒருவர் வீட்டில் டீயோடு உட்கார வையுங்கள். அங்கே ஒரு விதி: எதிராளியின் வாதத்தை முதலில் நீங்கள் சொல்ல வேண்டும், அவர் ‘ஆமா, நான் சொன்னது அதான்’ என்று ஒப்புக்கொண்ட பிறகே உங்கள் வாதம். முதல் முயற்சியில் அநேகமாக யாரும் தேற மாட்டார்கள். ‘நீங்க என்ன சொல்றீங்கன்னா, பழசெல்லாம் வேண்டாம்னு’ என்று கேலியைக் கலந்து சொல்வார்கள். மறுபடி சொல்லச் சொல்லுங்கள். மூன்று முறை ஆனாலும் பரவாயில்லை.

இன்னொரு கருவி, ‘ஏன்’ என்ற கேள்வியை விட்டுவிட்டு ‘எப்படி’ என்று கேட்பது. ‘ஏன் சென்னைப் பஞ்சாங்கம்தான் வேணும்?’ என்றால் நம்பிக்கைகளை அடுக்குவார்கள். ‘அதுல திதியை எப்படிக் கணிக்கிறாங்க, கொஞ்சம் சொல்லுங்க மாமா’ என்றால் விளக்க முயன்று, தனக்குத் தெரிந்ததன் எல்லையைத் தானே கண்டுகொள்வார். ஒன்றை விளக்கச் சொன்னதும் அது தனக்குத் தெரியும் என்ற நிச்சயம் குறைவதை யேல் பல்கலைக்கழகத்தில் 2002 இல் ஆய்வு செய்து காட்டினார்கள். ஆனால் அவரை மடக்குவதற்காகக் கேட்டால் உங்கள் முகத்தைப் பார்த்தாலே அவருக்குத் தெரிந்துவிடும். அதே கேள்வியை உங்களிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள்.

மன்னிப்பு கேட்பதில் நமக்கு ஒரு வழக்கம் உண்டு. வாயால் கேட்க மாட்டோம், ‘சாப்பிட்டியா?’ என்போம். அதில் அன்பு இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் எந்தத் தவறு நடந்தது என்பது அதில் இல்லை, அதனால் அடுத்த மாதம் அதே தவறு திரும்பும். செய்ததை அப்படியே சொல்லுங்கள்: ‘உன் தங்கச்சி முன்னாடி உன்னை முட்டாள்னு சொன்னேன்.’ அதனால் அவருக்கு என்ன ஆனது என்று சொல்லுங்கள்: ‘உனக்குத் தலைகுனிவா போச்சு.’ இனி என்ன செய்வீர்கள் என்று சொல்லுங்கள். ‘ஆனா’ என்ற சொல் வந்தால் முன்னே சொன்னது மொத்தமும் அழிந்துவிடும். ‘தப்பா நினைச்சுக்காதே’ என்பதையும் விடுங்கள், அது தவறை எதிராளியின் நினைப்பின் மேல் போடுகிறது.

இவ்வளவையும் கற்றுக்கொண்டவர்கள் செய்யும் ஒரு பெரிய தவறு உண்டு. ‘உன் கோபத்துக்குக் காரணம் பயம்’ என்று அடுத்தவருக்கு எடுத்துச் சொல்வது. பயத்தைத் தேடும் வேலை தனக்குத் தான் செய்துகொள்வது மட்டுமே. அடுத்தவர் மேல் திருப்பினால் அதுவும் ‘நான் சொன்னதுதான் சரி’யின் இன்னொரு உருவம். அதேபோல வாரக்கணக்கில் பேசாமல் இருப்பதை அமைதி என்று எண்ண வேண்டாம். அதுவும் கோபம்தான். குடித்திருக்கும்போது எதையும் பேசித் தீர்க்க முயலவே வேண்டாம்.

கை ஓங்கும் வீட்டுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அடிப்பவரின் பயத்தை அடிபடுபவர் புரிந்துகொள்ள வேண்டும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். 1998 இன் குடும்ப வன்முறைச் சட்டப்படி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். 0800 428 428 என்ற உதவி எண்ணை அழைக்கலாம். உடனடி ஆபத்து என்றால் போலீஸ், 10111.

மற்ற வீடுகளுக்கு ஒரு சிறு பயிற்சி. அமெரிக்காவில் 120 தம்பதிகளை இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்து 2013 இல் வெளியான ஆய்வில், இரண்டாம் வருடத்தில் பாதிப் பேருக்கு மட்டும் இதைக் கொடுத்தார்கள். நான்கு மாதத்துக்கு ஒரு முறை, 7 நிமிடம் எழுத வேண்டும். வருடத்துக்கு மொத்தம் 21 நிமிடம். மணவாழ்க்கையின் நிறைவு மற்றவர்களுக்குச் சரிந்துகொண்டே போனது, எழுதியவர்களுக்கு அந்தச் சரிவு நின்றது. அண்மையில் நடந்த ஒரு சண்டையை, இருவருக்கும் நல்லது நினைக்கும் மூன்றாம் மனிதர் ஒருவர் பார்த்திருந்தால் எப்படிச் சொல்வார் என்று எழுதுங்கள். அப்படிப் பார்க்க விடாமல் உங்களைத் தடுப்பது எது என்று எழுதுங்கள். அடுத்த நான்கு மாதத்தில் அதை எப்படிச் சமாளிப்பீர்கள் என்று எழுதுங்கள். நாள் மறந்துவிடும் என்றால் தைப்பூசம், ஆடிக் கூழ், தீபாவளி என்று வைத்துக்கொள்ளலாம், இடைவெளி கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. எழுதியதை எதிராளியிடம் காட்ட வேண்டாம். காட்டுவதற்கென்று எழுதினால் கை தானாகவே வாதாட ஆரம்பித்துவிடும்.